குங்குமம் மடித்த நோட்டீஸ்

ஆடி இரண்டாம் வெள்ளி, உச்சிக்காலப் பூசை முடிந்த நேரம்.

சிறுவாச்சூர் காளியம்மன் கோயில் வாசலில் நின்று சிவரஞ்சனி நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளியும் திங்களும் மட்டும் நடை திறக்கும் கோயில். ஆடி வெள்ளி என்றால் நெடுஞ்சாலை வரைக்கும் வண்டிகள் நிற்கும். பெண்ணைப் பெற்றவர்கள் ஆடியில் இங்கே வந்து வேண்டிக்கொள்வார்கள், ஆவணியில் கல்யாணத்தை முடிப்பார்கள். அவர்களை நம்பித்தான் அரியலூரில் பார்லரைப் பூட்டிவிட்டு விடிகாலை பஸ் பிடித்து வந்திருந்தாள்.

நோட்டீஸ் வழவழப்பான தாளில் அடித்தது. ஒரு பக்கம் வடக்கத்தி மணப்பெண், மூக்குக்கும் காதுக்கும் சங்கிலி மாட்டியவள். மறுபக்கம் புருவம் திருத்துவதிலிருந்து மருதாணி வரை கடையில் செய்யும் வேலைகள் எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன.

கை நீட்டாதவர் யாருமில்லை. எல்லோரும் வாங்கினார்கள். வாங்கி, நடந்துகொண்டே அதில் குங்குமத்தைக் கொட்டி மடித்தார்கள். தாள் மடியவில்லை. மடித்த இடம் பிரிந்துகொண்டு எழுந்தது. குங்குமம் புடவையில் சிந்தியது. தட்டி உதறி, தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, பூக்கடைச் செல்வம்மாளிடம் போய்ப் பழைய பேப்பர் கேட்டார்கள்.

செல்வம்மாள் எலுமிச்சம்பழக் கூடைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“யம்மாடி, உங் காயிதம் ஒண்ணுத்துக்கும் ஆவல. எல்லாரும் எங்கிட்ட வந்து பேப்பர் கேக்குறாளுவ. நான் பூ விக்கிறதா, பேப்பர் கிழிக்கிறதா?”

“அது படிக்கக் குடுத்தது பெரியம்மா.”

“யாரு படிச்சா? நீ பாத்தியா?” செல்வம்மாள் காலடியில் கிடந்த ஒன்றை எடுத்துப் பிரித்தாள். “இவ யாரு, சேட்டு வூட்டுப் பொண்ணா? எம் பேத்திய இப்படி வெள்ளையடிச்சு மணவறையில ஒக்கார வச்சா, பொண்ண மாத்திட்டாங்கன்னு மாப்ள வூட்டுக்காரன் பஞ்சாயத்து கூட்டிருவான்.”

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். சிவரஞ்சனியும் சிரிக்கப் பார்த்தாள். பஞ்சாயத்து என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது.

அவளுடைய பஞ்சாயத்து ஆனி மாதம் அண்ணன் அய்யம்பெருமாள் வீட்டில் நடந்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து அவள் புருசன் வேல்முருகன் தன் பங்காளிகளோடு வந்திருந்தான். அவள் வலது கையை நீட்டிக் காட்டினாள். சுண்டுவிரல் மடங்காது. ஒரு கல்யாண வேலை முடிந்து நேரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தியவன் அவன். “காத்துல சாத்திக்கிச்சுங்க,” என்றான் வேல்முருகன். கூடியிருந்தவர்கள் அவள் விரலைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

கடைசியில் பெரியவர்கள் சொன்னது இதுதான். “ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள கடை ஓடி, அந்தப் பொண்ணு சொந்தக் கால்ல நின்னுட்டா தனியா இருக்கட்டும், யாரும் கேக்க மாட்டோம். இல்லைன்னா புருசன் வூட்டுக்குப் போயிடணும்.”

அய்யம்பெருமாள் தங்கைக்காக ஒப்புக்கொண்டான். வெளியே வந்ததும் அவளிடம் சொன்னான்: “ஸ்டேசன் கீசன்னு போயிடாத பாப்பா. போனா அண்ணன் செத்துட்டான்னு நெனச்சுக்க.”

புருவம் திருத்த வரும் கல்லூரிப் பெண்களை வைத்துக் கடை ஓடுகிறது என்று யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. கல்யாணப் பெண் வர வேண்டும். அவள் அலங்கரித்த பெண் மணவறையில் உட்கார்ந்திருப்பதை நாலு சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும். ஆடி பிறந்தபோது கண்ணகி என்ற அம்மாள் மகளுக்கு அலங்காரம் பேச வந்தாள். எல்லாம் பிடித்துப் போயிற்று. எழுந்திருக்கும்போது சும்மா கேட்டாள்.

“வூட்டுக்காரரு என்ன பண்றாரு?”

“நான் தனியா இருக்கேங்க.”

கண்ணகியின் கண் அவள் கழுத்துக்குப் போயிற்று. அங்கே மஞ்சள் கயிறு இருந்தது. அப்படியும் முகம் மாறிவிட்டது. “கலந்துக்கிட்டுச் சொல்றோம்,” என்று செருப்பை மாட்டினாள். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

செல்வம்மாள் பிரித்த கசங்கிய நோட்டீசைப் பையில் போட்டுக்கொண்டு சிவரஞ்சனி பெரம்பலூர் பஸ் ஏறினாள். மீதிக் கட்டு கோயில் குப்பைத் தொட்டியில் கிடந்தது.

கலையரசனின் அச்சகம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. அரியலூரில் அச்சகம் இல்லாமலில்லை. அங்கே எல்லோருக்கும் அவள் கதை தெரியும். கலையரசனுக்குத் தெரியாது.

“டிசைன் சூப்பரா வந்திருந்துச்சேக்கா,” என்றான் அவன். “என்ன கொறைன்னு சொல்லுங்க.”

“மடிக்க முடியல.”

“நோட்டீஸை எதுக்குக்கா மடிக்கணும்?”

அவள் குங்குமக் கறை படிந்த தாளை மேசையில் வைத்துச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாளைத் தடவிப் பார்த்தான்.

“அப்ப பிட் நோட்டீஸ்தான். சர்க்கஸ் வந்தா குடுப்பாங்கள்ல, மெல்லிசா கலர் பேப்பர்ல. அதுல அடிச்சா போட்டோ நல்லா வராதுக்கா.”

“போட்டோ வேண்டாம்.”

“பார்லர் நோட்டீஸ்ல மூஞ்சி இல்லைன்னா எப்படி?”

“யாரு மூஞ்சியப் போட்டாலும் அது எம் பொண்ணு இல்லைம்பாங்க. மஞ்சத் தாளு, செவப்பு மை. ஒரு பக்கம் மட்டும் அடி தம்பி. பின்னாடி வெறுசா வுடு. குங்குமத்துல மை ஒட்டக் கூடாது.”

பழைய நோட்டீசைக் கம்ப்யூட்டரில் திறந்தான். அவள் பின்னால் நின்றாள்.

“வாக்சிங்?”

“எடு.”

“ஃபேஷியல்?”

“எடு.”

“ஹேர் ஸ்பா, மருதாணி, பெடிக்யூர்… எல்லாத்தையும் எடுத்துட்டா நீங்க என்னதான் செய்றீங்க?”

“பொண்ணு அலங்காரம். அது ஒண்ணுதான்.”

திரை காலியாயிற்று. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வம்மாளின் பேத்தியை நினைத்தாள், அந்தப் பெண்ணை அவள் பார்த்ததில்லை. மாநிறத்துக்கும் கீழே இருப்பாள் என்று தோன்றியது. கல்யாணத்தன்று கண்ணாடியில் தன்னைத் தேடுவாள்.

“எழுதிக்க. உங்க பொண்ணு உங்க பொண்ணாவே இருப்பா.”

கலையரசன் தட்டினான். படித்துப் பார்த்தான். “நல்லாருக்குக்கா. எங்க அம்மா படிச்சா ஒடனே போன் போடும்.”

“நம்பரப் பெருசாக்கு. கண்ணாடி போடாம தெரியணும்.”

“இவ்ளோ போதுமா?”

“இன்னும்.”

அவள் அதே அளவில் ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்துக் குங்குமப் பொட்டலம் போல மடித்தாள். மேலே வரும் மடிப்பில் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பிரித்தாள். கோடு தாளின் கீழ் மூலையில் இருந்தது. மறுபடி வேறு விதமாக மடித்தாள், அண்ணன் பெண்டாட்டி மடிப்பது போல, மாமியார் ரெங்கம்மாள் மடிப்பது போல. எப்படி மடித்தாலும் கடைசி மடிப்பு ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து விழுந்தது.

“பேரும் நம்பரும் கடை விலாசமும் இங்க வரட்டும். பொட்டலத்துக்கு மேல.”

“அக்கா, நீங்க எனக்கே டிசைன் சொல்லிக்குடுக்குறீங்க.” பேரை அங்கே நகர்த்தினான். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தான். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. வெறும் சிவரஞ்சனின்னு இருந்தா ஒட்டல. யாரோ சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு. திருமதி போட்டு, பின்னாடி சார் பேரு போட்டுரட்டுமா?”

அவள் திரையிலிருந்த தன் பேரைப் பார்த்தாள்.

“கல்யாணப் பொண்ணு நெத்தியில பொட்டு வைக்கிற கை. சுமங்கலியான்னுதான மொதல்ல பாப்பாங்க? அது ஒரு கெத்துக்கா. நீங்க வாயத் தொறந்து சொல்லவே வேணாம். பேரே சொல்லிடும்.”

கண்ணகி செருப்பை மாட்டிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதால்தான் போனாள். ஆவணி பிறக்க இன்னும் இருப்பது மூன்று வெள்ளி.

“சார் பேரு என்னக்கா?”

அந்தப் பெயரை அவள் உச்சரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. பஞ்சாயத்தில்கூட “அவரு” என்று சொல்லித்தான் சமாளித்தாள்.

“வேல்முருகன்,” என்றாள்.

திருமதி சிவரஞ்சனி வேல்முருகன். திரையில் சிவப்பாக வந்து நின்றது.

“இப்ப பாருங்க,” என்றான் கலையரசன். “எப்படி நிக்குது!”

அடுத்த வெள்ளி மஞ்சள் நோட்டீஸ் கட்டுகளைச் செல்வம்மாளின் கடையிலேயே இறக்கினாள். செல்வம்மாள் ஒன்றை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“இப்பத்தான் காயிதம் மாதிரி காயிதம் கொண்டாந்திருக்க. மங்களகரமா இருக்கு. வச்சுட்டுப் போ. பூ வாங்குறவளுக்கெல்லாம் நானே குடுக்குறேன்.”

அன்று எறிந்தவர் இல்லை. குங்குமம் உள்ளே, அவள் பெயர் வெளியே. பெண்கள் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரவிக்கைக்குள் செருகினார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று என்று கூடுதலாகக் கேட்டு வாங்கினார்கள். சாமி குங்குமத்தை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். அது வீட்டுக்குப் போகும், சாமி மாடத்தில் உட்காரும், காலையில் விளக்கேற்றும்போதெல்லாம் கண்ணில் படும்.

சிவரஞ்சனி உள்ளே போய் அம்மன் முன்னால் நின்றாள். நீளமாக வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. “அந்த வூட்டுக்கு மட்டும் என்னைய அனுப்பாத,” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. நூலை வாயில் கவ்விக்கொண்டு ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். வேலைக்கு நடுவே போனைக் காதில் வைக்க முடியாது. அதை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்திருப்பாள்.

“திருமதி சிவரஞ்சனி வேல்முருகனுங்களா?”

நூலை வாயிலிருந்து எடுத்தாள்.

“ஆமாங்க.”

“கோயில்ல பேப்பர் குடுத்தாங்க. எங்க பொண்ணு கொஞ்சம் கறுப்புங்க. பவுடரு அப்பாம செய்வீங்கள்ல?”

அது முதல் ஆமாம். அடுத்து லப்பைக்குடிக்காட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மாள், பிறகு குன்னத்திலிருந்து ஒருத்தி. எல்லோரும் பெயரை முழுசாகப் படித்துவிட்டுத்தான் பேசினார்கள். ஆமாங்க, ஆமாங்க. மூன்று நாளில் அந்தச் சொல் தானாக வரத் தொடங்கியது. நேரில் வந்தவர்கள் சுற்றிலும் பார்த்துவிட்டு, “சாரு இல்லீங்களா?” என்றார்கள். “வேலைக்குப் போயிருக்காரு,” என்றாள். ஒரு தடவை, “சாயங்காலம் வந்துருவாரு,” என்றும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள்.

காலண்டரில் ஆவணி முகூர்த்தங்களைச் சுற்றி வட்டம் விழுந்தது. முதல் முகூர்த்தத்திலேயே ஒரு பெண். அன்று மத்தியானம் பல நாளுக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள். அண்ணனுக்குப் போன் செய்தாள்.

“புடிச்சுட்டேண்ணே. பொண்ணு அலங்காரம் வருது.”

“நெசமாவா பாப்பா?” அவன் குரல் இளகியது. “பெரியவங்ககிட்ட தலநிமிந்து சொல்லிடுவேன். நீ தைரியமா இரு.”

ஆடியின் கடைசி நாள் அய்யம்பெருமாள் வந்தான். மாடிப்படியில் இரண்டு செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணனுக்குப் பின்னால் வேல்முருகன் ஏறி வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். இந்தக் கடைக்கு அவன் வந்ததில்லை. அவனுக்கு இடம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது விலாசம் நோட்டீசிலேயே இருக்கிறது.

அவள் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

“ஒக்காரு பாப்பா,” என்றான் அண்ணன். “சண்டை போட வரல.”

வேல்முருகன் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் பொட்டலத்தை எடுத்துக் கண்ணாடி மேடையில் வைத்தான். மடிப்பு கலையாமல் இருந்தது. மேல் மடிப்பில் சிவப்பு எழுத்து. திருமதி சிவரஞ்சனி வேல்முருகன். அவள் எங்கே வர வேண்டும் என்று கோடு போட்டாளோ, அங்கேயே இருந்தது.

“எங்க அம்மா ஆடி வெள்ளிக்கு சிறுவாச்சூரு போச்சு,” என்றான். “எதுக்குப் போச்சு தெரியுமா? மருமவ திரும்பி வரணும்னு வேண்டிக்கத்தான். வேண்டிக்கிட்டு வெளிய வந்து பூ வாங்குனா, பூக்காரம்மா கையில இதக் குடுக்குது. எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பஸ்ஸுல பக்கத்துல இருந்த பொண்ணு படிச்சுச் சொல்லியிருக்கு. ஜெயங்கொண்டம் வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே வந்துச்சாம்.”

ரெங்கம்மாள் அந்தப் பொட்டலத்தை எப்படி மடித்திருப்பாள் என்று சிவரஞ்சனிக்குத் தெரியும். அச்சகத்தில் அவளே அப்படி மடித்துப் பார்த்தாள்.

“அது தொழிலுக்குப் போட்டது,” என்றாள்.

“என்னது?”

“பேரு. நோட்டீஸ்ல போடணும்னாங்க. தொழிலுக்காகப் போட்டது.”

வேல்முருகன் சிரித்தான். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“கேட்டீங்களா மச்சான்? தொழிலுக்கு எம் பேரு வேணுமாம். வூட்டுக்கு நான் வேணாமாம்.”

“அண்ணே, நீங்க சொல்லுங்க. கடை ஓடுதா இல்லையா? அதத்தான கேட்டாங்க? ஓடுது. காலண்டரப் பாருங்க.”

அய்யம்பெருமாள் காலண்டரைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. தங்கைக்காக நாலு பேர் முன்னால் வாதாட வேண்டியதில்லை என்ற நிம்மதி.

“ஓடுது பாப்பா. ஆனா யாரு பேருல ஓடுது? பெரியவங்க கேட்டாங்க. சொந்தக் கால்ல நிக்கச் சொன்னோம், அவ புருசன் பேருலதான நிக்கிறாங்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

“எங் கையால செய்யிறேண்ணே. அவரு பேரு செய்யல.” வலது கையைத் தூக்கினாள். சுண்டுவிரல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அதையே எத்தன நாளு சொல்லுவ? மாப்ள இனிமே கை நீட்ட மாட்டேன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணிருக்காரு. போடு போடுன்னு யாரும் ஒன்னைய மெரட்டல. நீயா போட்ட. போட்டு, சாமி குங்குமத்த வச்சு, அவங்க அம்மா கையிலயே சேத்துருக்க. இதுக்கு மேல ஆத்தா எப்படி வந்து சொல்லணும்?”

“நான் சேக்கல. அந்தம்மா வருவாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“ஒனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்ல?” அண்ணன் கும்பிட்டான்.

அவளும் அந்த அம்மனிடம்தான் நின்று கேட்டாள். அதை இப்போது சொல்லலாம். அந்த வீட்டுக்கு மட்டும் அனுப்பாதே என்று நான் கேட்டேன், எனக்கு என்ன பதில் என்று கேட்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பொட்டலம் வேல்முருகன் பக்கம்தான் இருந்தது.

“கடைய மூடச் சொல்லல,” என்றான் வேல்முருகன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழைய மரக்கதவு, கொக்கி சரியாக மாட்டாதது. பேசும்போது அதை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தான். “ஜெயங்கொண்டத்துல வச்சுத் தரேன். வூட்டுக்கு முன் ரூமுல. அதே பேருல. நோட்டீஸ்ல பேர மாத்த வேணாம் பாரு.”

“நான் வரல.”

“நாளைக்கு ஆவணி ஒண்ணாந் தேதி, நல்ல நாளு,” என்றான் அவன் அண்ணனிடம். அவள் சொன்னது காதில் விழாதவன் போலிருந்தான்.

“நான் அந்தப் பேர எடுத்துடறேண்ணே. வேற நோட்டீஸ் அடிக்கிறேன். தனியா இருக்கேன்னே போட்டுக்கறேன்.”

“அப்படிப் போட்டா எவ பாப்பா வருவா?” அண்ணன் கேட்டான். ஏளனமாகக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டான். “கண்ணகி வந்தாளா? நீதான அன்னிக்கு அழுதுக்கிட்டு சொன்ன.”

பேர் இருந்தால் கடை உண்டு, அவன் உண்டு. பேர் இல்லாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் அவன்தான். எப்படி மடித்தாலும் அதே இடத்தில் வந்து விழுந்தது.

கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்த போன் அடித்தது. புது நம்பர். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் வேல்முருகன் கதவை விட்டுவிட்டு எட்டி, கட்டைவிரலால் பச்சையைத் தள்ளினான். போன் எப்போதும் போல ஸ்பீக்கரில் பேசியது. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது, யாரோ குழந்தையை அதட்டுவது கேட்டது.

“அலோ, கேக்குதுங்களா? எங்க பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கோம்.”

வேல்முருகன் கையால் போனைக் காட்டினான், பேசு என்பது போல. அய்யம்பெருமாள் நிமிர்ந்து தங்கையின் வாயைப் பார்த்தான்.

“அலோ… திருமதி சிவரஞ்சனி வேல்முருகன் நீங்கதானுங்களே?”